மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோள்சீலை

மணிமுத்தாறு அணையிலிருந்து மேலே ஏறும் மலைச்சாலை மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகளைத் தாண்டி மேல்கோதையாறு வரை போகிறது. இந்தப் பக்கம் சரிவில் விழும் மழை மணிமுத்தாறாகித் தாமிரபரணியில் சேர்கிறது. அந்தப் பக்கம் விழுவது கோதையாறாகிப் பழைய கல்குளம் வட்டத்துக்குள் இறங்குகிறது. இன்று இது ஒரே மாநிலத்தின் இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே இருக்கும் எல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு இந்த மலைமுகட்டின் இருபுறமும் இரண்டு ஆட்சிகள் இருந்தன. 1801 முதல் இந்தப் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் திருநெல்வேலிச் சீமை, அந்தப் பக்கம் திருவிதாங்கூர் மன்னரின் நாடு. மக்கள் மட்டும் அப்படிப் பிரிந்திருக்கவில்லை. பனையேறிகளான நாடார்கள் இருபக்கமும் இருந்தார்கள். பேச்சு ஒன்று, சாமி ஒன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பெண் கொடுத்தலும் எடுத்தலும் நடந்துகொண்டே இருந்தன. இவ்வளவு ஒன்றாக இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிக்கு மேல் வரை, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாடார் பெண் தோளின் மேல் சீலையைப் போடுவது அரச ஆணையை மீறிய குற்றம். இந்தப் பக்கம் அப்படி ஓர் அரச ஆணை இல்லை.

பெண்களின் உடையைப் பண்பாட்டு அடையாளம் என்று பேசும் பழக்கம் நமக்கு உண்டு. சேலையும் ரவிக்கையும், தலையில் பூவும், காதில் தோடும் சேர்ந்தால் தமிழ்ப்பெண் என்று பள்ளி விழா மேடையிலிருந்து துணிக்கடை விளம்பரம் வரை எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் ஒரு பெரிய காலப்பகுதி விடுபட்டுப்போகிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியுள்ள தென்சீமையிலும், உடை என்பது பெண் தானே அணிந்த அடையாளமாக ஆவதற்கு முன்பு, மற்றவர்கள் அவள்மேல் இட்ட அடையாளமாக நெடுங்காலம் இருந்தது. எந்த முழத்தில், எந்த நிறத்தில், உடம்பின் எந்த இடம் வரை என்பதையெல்லாம் சாதியும் அரசும் குடும்பமும் தீர்மானித்தன. இன்று நாம் மரபு என்று போற்றும் உடையின் பெரும்பகுதி, அந்தத் தீர்மானத்தை மீறிய பெண்களால் கிடைத்தது. மரபைக் காத்ததால் கிடைத்ததல்ல, உடைத்ததால் கிடைத்தது. இதற்கான சான்று மலைக்கு இருபுறமும் இருக்கிறது.

திருவிதாங்கூரில் நாடார்கள் மேல் விழுந்த தடைகள் ஒன்றிரண்டல்ல. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன்நகை அணியக் கூடாது, மாடிவீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது என்பதுவரை அந்தத் தடைகள் போயின. எல்லாவற்றுக்கும் மேலாக, இடுப்புக்கு மேலே உடம்பை மறைக்கக் கூடாது. நாயர் பெண்கள் தோள்மேல் இடும் சீலை உயர்சாதிக்கு மட்டும் உரிய அடையாளமாக இருந்தது. 1806-இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் திருநெல்வேலியிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக மயிலாடிக்குப் போனார். அதைத் தொடர்ந்து நாடார்கள் பலர் கிறித்தவரானார்கள். கிறித்தவப் பெண்கள் மார்பை மறைக்கத் தொடங்கியதும் தகராறு வந்தது. 1814-இல் அங்கே பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ, சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிளா முஸ்லிம் பெண்களும் போடுவதுபோல் குப்பாயம் என்ற சட்டையைக் கிறித்தவ நாடார் பெண்கள் போட்டுக்கொள்ளலாம், நாயர் பெண்களின் மேல்சீலையை மட்டும் போடக் கூடாது என்று வழிசெய்தார். இதோடு அமைதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1822-இல் கல்குளம் பகுதியில் சந்தைக்கு வந்த பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1827 முதல் 1829 வரை மறுபடியும் கலவரம் நடந்தது. 1829 பிப்ரவரியில் வந்த அரச ஆணை, சட்டை மட்டும் போடலாம், மேல்சீலை கூடாது என்று திரும்பவும் உறுதிசெய்தது. 1858 கடைசியில் மூன்றாவது முறை பெரிய கலவரம் மூண்டது. பள்ளிகளும் சபைக் கட்டடங்களும் வீடுகளும் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெலியன் தலையிட்டு அழுத்தம் கொடுத்த பின்பு, 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய ஆணை பிறப்பித்தார். நாடார் பெண்கள் எல்லாரும், எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களானாலும், சட்டை போடலாம், மீனவப் பெண்கள்போல் முரட்டுத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறெந்த வகையிலும் உடம்பை மறைக்கலாம். உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் உடுத்தக் கூடாது.

இந்த ஆணைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை பளிச்சென்று தெரியும். பிரச்சினை உடம்பை மறைப்பது பற்றியதே அல்ல. மானத்தை மறைக்கச் சட்டை போதுமென்றால், 1814-லேயே வழக்கு முடிந்திருக்கும். அனுமதி கிடைத்த பின்பும் அந்தப் பெண்கள் சட்டைக்கு மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். அடிபட்டார்கள், அவர்களின் துணி கிழிக்கப்பட்டது, மறுவாரம் அதையே போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் கேட்டது சமமான நிலையை. எதிர்த்தவர்களும் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். உடம்பு மறைவதில் அவர்களுக்கு மனக்குறை இல்லை. பார்த்தவுடன் சாதி தெரியாமல் போய்விடும் என்பதுதான் அவர்களின் கோபம். 1859-இன் ஆணையில்கூட அந்தக் கடைசி வரி விடாப்பிடியாக நிற்கிறது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த அரசு, ஒரு துணியை உடுத்தும் முறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. உடை அடையாளம் என்ற கருத்தை அந்த ஆணையை எழுதியவர்கள் நம்மைவிட நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மேலுடம்பை மறைக்காமல் இருப்பது இந்த மண்ணில் வெட்கமாகக் கருதப்பட்டதில்லை, வெயிலும் புழுக்கமும் உள்ள நாட்டின் இயல்பான வழக்கம் அது, வெட்கத்தைக் கொண்டுவந்தவர்கள் விக்டோரியா காலத்துப் பாதிரிமார்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதில் பாதி உண்மை. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலச் சிற்பிகள் வடித்த பெண்கள் இடுப்பில் மடிப்பு மடிப்பான ஆடையும் மார்பில் ஆரங்களும் கொண்டவர்கள், ரவிக்கை இல்லாதவர்கள். சிற்பத்தைக் கொண்டு தெருவில் நடந்த பெண்ணின் உடையைச் சொல்லிவிட முடியாது என்றாலும், திறந்த மார்பை அந்தக் காலம் ஆபாசமாகப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. பாதிரிமாரும் அவர்களின் மனைவியரும் தங்கள் நாட்டு வெட்கத்தை இங்கே கொண்டுவந்து விதைத்தார்கள் என்பதும் சரிதான். ஆனால் வெட்கமில்லாத ஒரு வழக்கத்தைக் காப்பாற்ற ஓர் அரசு ஏன் மூன்று முறை ஆணையிட வேண்டும்? எல்லாரும் இயல்பாகத் திறந்திருந்தால், தோள்சீலை ஏன் ஒரு சாதியின் சொத்தாக இருந்தது? நாயர் பெண்களே நம்பூதிரிகளுக்கு முன்னும் கோயிலுக்குள்ளும் அந்தச் சீலையை நீக்க வேண்டியிருந்தது. திறந்திருப்பது மரியாதை, யாருக்கு முன் யார் திறந்திருக்க வேண்டும் என்பது படிநிலை. படியின் உச்சியில் இருந்தவர் யாருக்கு முன்னும் நீக்க வேண்டியதில்லை, அடியில் இருந்தவர் எல்லாருக்கும் முன்னும் நீக்க வேண்டும். வெயில் இப்படிச் சாதி பார்த்துக் காய்வதில்லை. வறுமையைக் காரணம் சொல்வதும் இதே இடத்தில் உடைந்துபோகிறது. துணி வாங்க வழியில்லாதவளைத் துணி போடாதே என்று தடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது. தடை இருந்தது என்பதே அவள் போட்டாள் என்பதற்குச் சாட்சி.

இந்த இடத்தில் முலைவரிக் கதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சேர்த்தலையைச் சேர்ந்த நங்கேலி தன் மார்பை அறுத்து வரி வாங்க வந்தவன் முன் வைத்தாள் என்ற வாய்மொழிக் கதை இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மார்பை மறைப்பதற்காக வாங்கிய வரி என்று அது விளக்கப்படுகிறது. உண்மையில், ஆணுக்குத் தலைவரி, பெண்ணுக்கு முலைவரி என்று கீழ்ச்சாதியாரிடம் ஆளுக்கு ஆள் வாங்கிய வரி அது. மறைப்பதற்கும் திறப்பதற்கும் அந்த வரியோடு நேரடித் தொடர்பு இல்லை. கதையின் வேதனை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் தோள்சீலைப் போராட்டத்துக்கு அந்தக் கதையின் துணை தேவையில்லை. அரசு கையெழுத்திட்ட ஆணைகள் இருக்கின்றன, நாற்பது ஐம்பது ஆண்டுகள் அடிவாங்கிய பெண்களின் வரலாறு இருக்கிறது. பலமான சான்று கையில் இருக்கும்போது பலவீனமான சான்றைத் தூக்கிப்பிடித்தால், மறுப்பவர்களுக்கு நாமே வாசல் திறந்துவிட்டவர்கள் ஆவோம்.

அப்படியானால் மலைக்கு இந்தப் பக்கம் பெண்கள் விரும்பியபடி உடுத்தினார்களா? அப்படிச் சொல்வது வெள்ளைக்காரன் ஆட்சிக்குப் பட்டம் கட்டுவதாகும். இங்கே அரச ஆணை இல்லை என்பது மட்டுமே உண்மை. ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. 1910-இல் திருநெல்வேலி, மதுரை மாவட்டங்களிலிருந்து பிரித்தெடுத்து உருவாக்கிய ராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் நூலில் அதைப் பதிவுசெய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது, பொன்னும் வெள்ளியும் கூடாது. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாயின. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது. திருவிதாங்கூரின் 1829-ஆம் ஆண்டு ஆணையும் ராமநாதபுரத்தின் 1930-ஆம் ஆண்டுத் தடையும் நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே பட்டியலைப் பேசுகின்றன. அரசு கைவிட்ட வேலையை ஊர் எடுத்துச் செய்தது. இரண்டாவது பட்டியலில் ரவிக்கையும் தாவணியும் பெயர் சொல்லி இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குள் அந்த உடைகள் சேரிவரை வந்துவிட்டன. வந்ததால்தான் தடை.

அவை வந்த வழியும் இந்தப் பள்ளத்தாக்கின் தொழில் வரலாற்றுக்குள்தான் இருக்கிறது. ரவிக்கை தைத்த துணி. சேலையைத் தறியிலிருந்து எடுத்து அப்படியே உடுத்தலாம், ரவிக்கைக்கு அளவெடுக்க வேண்டும், வெட்ட வேண்டும், தைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை முதலில் பெண்பிள்ளைகளின் பள்ளிகளில் பழகியது. நாகர்கோவிலில் பாதிரியார் ஒருவரின் மனைவியான மார்த்தா மால்ட் 1820-களின் தொடக்கத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்டார்கள். நாடார் பெண்களுக்கான சட்டைகள் தைக்கப்பட்டதும் அதே வட்டாரத்தில்தான். மார்த்தாவின் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து மலைக்கு இந்தப் பக்கம் இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கைவேலையும் கூடவே வந்தது. பாளையங்கோட்டையின் பெண்கள் பள்ளிகளில் தையல் ஒரு பாடமானது. பின்னர் துணியும் பெருகியது. ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் விசையைக் கொண்டு 1885-இல் ஓட்டத் தொடங்கிய பஞ்சாலை, விக்கிரமசிங்கபுரத்தை ஆலை ஊராக்கியது. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, மேலப்பாளையம் தறிகளுக்கு ஆலைநூல் கிடைத்தது. தையல் எந்திரம் சிற்றூர்வரை வந்தது. ஒரு பெண் தன் கூலியிலிருந்து ஒரு முழம் துணி வாங்கி ரவிக்கை தைத்துக்கொள்ள முடிந்த நாள், எந்தப் பிரகடனத்துக்கும் குறையாத நாள். அந்த நாள் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, தெருவுக்குத் தெரு வேறுவேறு ஆண்டில் வந்தது. ரவிக்கையே போடாமல் வாழ்ந்து முடிந்த பாட்டிமார்களை இப்போது நடுவயதில் இருக்கும் நெல்லைக்காரர்கள் பலரும் பார்த்திருப்பார்கள்.

சேலை கட்டும் முறையும் இப்படி வந்து சேர்ந்ததுதான். முன்பக்கம் கொசுவம் வைத்து, உள்பாவாடையில் சொருகி, முந்தியை இடது தோளில் போடும் இன்றைய முறையைத் தொன்றுதொட்டு வந்தது என்று நினைக்கிறோம். அதைச் சட்டையும் உள்பாவாடையுமாகச் சேர்த்து நாடெங்கும் படித்த குடும்பங்களில் பரப்பியவர்களில் வங்காளத்து ஞானதானந்தினி தேவி முதன்மையானவர். தாகூர் குடும்பத்து மருமகளான அவர் பம்பாயில் பார்சிப் பெண்களைப் பார்த்து அந்த முறையைத் தமக்கேற்ப அமைத்துக்கொண்டது 1860-களில். நம் பக்கத்தில் வயல்வேலை செய்த பெண்கள் கட்டியது பின்கொசுவம். கண்டாங்கியைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, கொசுவத்தைப் பின்னால் விட்டு, முந்தியை இடுப்பில் இறுக்கிச் சொருகினால் நாற்று நடலாம், கதிர் அறுக்கலாம், தலைச்சுமையோடு ஆற்றைக் கடக்கலாம். கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்தில் ஒன்பது கெஜ மடிசார். இன்று மடிசார் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் மட்டும் ஒதுங்கிவிட்டது, பின்கொசுவம் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. இரண்டுக்கும் நடுவே எங்கிருந்தோ வந்த ஒன்று எல்லாருடைய மரபாகவும் ஆகியிருக்கிறது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பார்த்தவுடன் சாதி தெரியாத ஒரு பொதுச்சேலை கிடைத்தது பெரிய நன்மை. 1859-இன் ஆணை எதைத் தடுக்கப் பார்த்ததோ அதுவே நடந்திருக்கிறது.

உடையில் இட்ட அடையாளம் ஒடுக்கப்பட்ட சாதிகளோடு முடிந்துவிடவில்லை. கணவன் இறந்தால் எந்தச் சாதியிலும் பெண்ணின் உடையை ஊர் கையில் எடுத்தது. அக்கிரகாரத்தில் தலையை மழித்து நார்மடி உடுத்தினார்கள், மற்றத் தெருக்கள் பலவற்றில் ரவிக்கையில்லாமல் வெள்ளைச் சேலை. சிறு வயதில் தாலி அறுத்த பெண் சாகும்வரை அந்தத் துணியோடு நடந்தாள். உயர்சாதி வீட்டில் பிறந்ததால் அவளுக்குச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. தோள்சீலை விஷயத்தில் சாதி செய்த வேலையை இங்கே குடும்பமே செய்தது. வெள்ளைச் சேலை வழக்கம் தளர்ந்தது எந்தச் சட்டத்தாலும் இல்லை. வேலைக்குப் போன விதவைகள், மறுமணம் செய்தவர்கள், வண்ணச் சேலையை அவிழ்க்க மாட்டேன் என்று உறுதியாக நின்றவர்கள், அவர்கள் பின்னால் நின்ற பிள்ளைகள் என்று ஒவ்வொரு வீடாக அது தளர்ந்தது.

பெண்ணின் உடை எல்லாமே அடுத்தவர் இட்ட தளை என்றால், அவள் பெருமையோடும் ஆசையோடும் அணிந்ததற்கு என்ன பெயர் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி இது. இந்தச் சீமையில் அதற்கு முதல் உதாரணம் பாம்படம். பெண்குழந்தைக்குக் காதுகுத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, பனையோலைச் சுருளை வைத்து, பிறகு ஈயக் குனுக்குகளை ஒவ்வொன்றாக மாட்டிக் காதை வளர்ப்பார்கள். சோணை தோளைத் தொடும்வரை நீளும். அப்புறம்தான் பாம்படமும் தண்டட்டியும். பொன் தகட்டைச் சதுரமும் உருண்டையும் கூம்புமாக மடித்து, உள்ளே அரக்கு அடைத்துச் செய்த பாம்படத்தைப் போல் கணக்கு வடிவங்களால் மட்டுமே ஆன நகை வேறு எங்கும் அதிகம் இல்லை. பூவும் இல்லை, மயிலும் இல்லை. இன்றைய சிற்பிகள் வியக்கும் அந்த வடிவத்தை நம் தட்டார்கள் எத்தனையோ தலைமுறையாகச் செய்துவந்தார்கள். சாதி வேறுபாடு பார்க்காமல் உழைக்கும் பெண்கள் பலரும் அணிந்தார்கள். நிலம் ஆண் பெயரில், வீடு ஆண் பெயரில், பாம்படம் மட்டும் அவள் காதில். அடகு வைப்பதும் மீட்பதும் பேத்திக்குக் கொடுப்பதும் அவள் முடிவு. இதை அடிமைச் சின்னம் என்று சொல்வது அந்தப் பெண்களை அவமதிப்பதாகும்.

அந்தப் பாம்படம் ஏன் போனது என்று பார்த்தால்தான் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும். அதைத் தடுத்து எந்த ஆணையும் வரவில்லை. பள்ளிக்கூடம் போன மகளுக்கு நீண்ட காது கூச்சமானது. பட்டணத்துச் சம்பந்தம் வந்தபோது அந்தக் காது பட்டிக்காட்டு அடையாளமானது. வளர்ந்த காதை அறுத்துத் தைத்து ஒட்டவைத்துக் கம்மல் போட்டுக்கொண்டார்கள். வடிகாதோடு இருந்த பாட்டிகள் பேத்தியின் பள்ளி விழாவுக்குப் போகத் தயங்கினார்கள். ஆணை இல்லாமலே ஒரு பெருமை வெட்கமாக மாறியது. வெட்கமும் ஓர் அதிகாரம்தான். தோள்சீலையை அரசு தடுத்தபோது பெண்கள் தெருவில் நின்று எதிர்க்க முடிந்தது, எதிரி யார் என்று தெரிந்தது. பாம்படத்தைக் கழற்றச் சொன்ன வெட்கத்துக்கு முகம் இல்லை, எதிர்க்க இடமும் இல்லை. மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் முஸ்லிம் பெண்கள் வெளியே போகும்போது போர்த்திய வெள்ளைத் துப்பட்டி, கடந்த சில பத்தாண்டுகளில் கறுப்புப் புர்காவுக்கு இடம்விட்டதையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். எது மரபு, எது புதிது என்று வெளியாட்கள் சண்டை போடுகிறார்கள். துப்பட்டி போர்த்திய பெண்ணிடமும் புர்கா போட்ட பெண்ணிடமும் கேட்டுப் பேசியவர்கள் குறைவு.

பாம்படத்துக்கு எதிர்முனையில் கல்லுமாலை இருக்கிறது. திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கல்மணிகளைக் கோத்த மாலையை மட்டும் கழுத்தில் அணிய வேண்டும் என்பது கட்டாயம். 1915-இல் புலையர் தலைவர் அய்யன்காளியின் அறைகூவலைக் கேட்டுக் கொல்லம் பகுதியில் கூடிய பெண்கள் அந்த மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். தோள்சீலை ஆணை வந்து 56 ஆண்டுகள் கழிந்த பின்பும் அவர்களுக்கு அந்த நிலை. 1859-இல் நாடார் பெண்களுக்குக் கிடைத்தது அதற்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்குத் தானாக இறங்கிவரவில்லை. அந்தக் கல்லுமாலையில் ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், பார்க்க வருகிறவர்கள் அதன் வேலைப்பாட்டை ரசிப்பார்கள், பாரம்பரிய அணிகலன் என்று அட்டையில் எழுதியிருக்கும். பாம்படத்தின் பெட்டியிலும் அதே அட்டைதான் இருக்கும். ஒன்றை அணிந்தவள் ஆசைப்பட்டு அணிந்தாள், மற்றதை அணிந்தவள் அறுத்தெறிய ஆசைப்பட்டாள். அட்டை எழுதுகிறவர் இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் அவர் வைத்திருப்பது பாதி வரலாறு. ஆண்களுக்கும் இதே கதை உண்டு என்பதைச் சாமிதோப்பில் பார்க்கலாம். அங்கே வழிபடப்படும் அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். தலையில் துணி கட்ட உரிமையில்லாதவர்களுக்குத் தலைப்பாகையே வழிபாடாயிற்று. இன்றும் அங்கே ஆண்கள் தலைப்பாகையோடுதான் பதி என்னும் வழிபாட்டிடத்துக்குள் போகிறார்கள்.

பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும், சம்பந்தப்பட்ட சமூகங்கள் முன்னேறிவிட்டன, இந்தப் பாடம் பிள்ளைகளுக்கு மனக்கசப்பைத்தான் கொடுக்கும் என்று ஒரு வாதம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்திலிருந்து தோள்சீலைப் பகுதியை 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ நீக்கியதற்குப் பின்னணியில் இருந்ததும் இத்தகைய மனநிலைதான். ஆனால் உடை விதிக்கும் வேலை பழங்கதையாகிவிடவில்லை. 2014-இல் சென்னையில் ஒரு கிளப்புக்குள் வேட்டி கட்டிய நீதிபதியை விட மறுத்தபோது, சில வாரங்களுக்குள் சட்டமன்றம் கூடி அப்படித் தடுப்பதையே குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம். அடுத்த ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி, கோயிலுக்கு வரும் பெண்கள் சேலையோ பாவாடை தாவணியோ மேல்துணியுடன் கூடிய சுடிதாரோ அணிய வேண்டும் என்று உத்தரவிட்டார். 2016 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்திவைத்தது. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கான உடைக்குறிப்பிலும் பெண்களின் சுடிதாருக்குத் துப்பட்டா கட்டாயமானது. தோளில் விழும் ஒரு துண்டுத் துணியை 1829-இல் போடாதே என்றது அதிகாரம், 2015-இல் போட்டே ஆக வேண்டும் என்றது. சொன்ன செய்தி நேர்மாறானது. சொன்ன இடம் மாறவில்லை. தோள்சீலை வரலாற்றைப் படித்த மாணவிக்கு இந்த ஒற்றுமை உடனே பிடிபடும். அவளுக்கு அந்தப் பாடம் வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

மணிமுத்தாறு மலைக்கு மேலே இன்னொரு உடை இருந்தது, அதை யாரும் அடையாளம் என்று அழைத்ததில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 8,373 ஏக்கரைப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அந்தத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த பெண்கள், சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையை மாட்டி, இடுப்பைச் சுற்றிக் கனத்த விரிப்பைக் கட்டி, தலைக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அட்டைக்கும் மழைக்கும் குத்தும் செடிக்கும் எதிராக அவர்களே கண்டுபிடித்த உடை அது. கீழே வயல்களில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும் அதே முழுக்கைச் சட்டையைத்தான் சேலைக்கு மேல் போடுகிறார்கள். எந்தச் சாதியும் அதை விதிக்கவில்லை, எந்தக் கல்யாணத்துக்கும் அதை யாரும் உடுத்துவதில்லை, எந்தக் கடை விளம்பரத்திலும் அது வராது. 1999 ஜூலை 23-இல் கூலி கேட்டுத் திருநெல்வேலிக்கு வந்து தாமிரபரணிக் கரையில் 17 பேர் உயிரிழந்த ஊர்வலம் இந்தத் தொழிலாளர்களின் கோரிக்கைக்காகத்தான். 2024-இல் கம்பெனி தோட்டங்களை விட்டு வெளியேறியது, குடும்பங்கள் மலையிறங்கத் தொடங்கின. தமிழ்ப்பெண்ணின் உடை வரலாற்றை எழுதப் போகிறவர்கள் காஞ்சிப்பட்டையும் பாம்படத்தையும் போலவே, எஸ்டேட் பெண்ணின் சட்டையையும் விரிப்பையும் அளவோடும் துணிவகையோடும் பதிவுசெய்ய வேண்டும். அதை உடுத்திய பெண்கள் பலர் இன்று அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். எப்படிக் கட்டினோம், எதற்காகக் கட்டினோம் என்று அவர்களே சொல்ல முடியும்.